வொலியூம் பொய் சொல்லாதாம்!

"விலை பொய் சொல்லும், வொலியூம் பொய் சொல்லாது." இந்த வசனம் இப்ப எங்கட கன்ரீன் மேசைகளில தேத்தண்ணியோட சேர்ந்து வருது. கலைப்பீடத்துப் பெடியள் காலை ஒன்பதரைக்குச் சந்தை திறக்கிற நேரம் விரிவுரை மண்டபத்தின் பின்வரிசையில் போனைத் திறந்து வைத்துக்கொண்டு இருக்கிறார்கள். பச்சைக் கோடு, சிவப்புக் கோடு, அதற்குக் கீழே வரிசையாக நிற்கிற சின்னச் சின்னக் கம்பங்கள். அந்தக் கம்பங்கள்தான் வொலியூம்: ஒரு நாளில் ஒரு கம்பனியின் எத்தனை பங்குகள் கைமாறின என்ற கணக்கு. ஒரு கம்பம் மற்றதுகளைவிட உயர்ந்து நின்றால் "பெரிய கை உள்ள வந்திட்டுது, இறங்குங்கோ" எண்டு வட்ஸ்அப் குழுவில் செய்தி வரும். பெடியள் இறங்குவார்கள்.

நாங்கள் இதை எதிர்த்து எழுதுகிறோம். பங்குச் சந்தையே சூதாட்டம், அந்தப் பக்கம் போகாதே என்று சொல்லுகிற பெரியாக்களின் பாட்டை நாங்கள் பாட வரவில்லை. கம்பனி ஒன்றில் பங்கு வாங்குவது தவறில்லை. எங்கட சண்டை வேறு: வொலியூம் கம்பத்தைப் பார்த்து வாங்குகிற நேரத்தைத் தீர்மானிக்கலாம் என்று, கையில் நாலு காசு இல்லாத மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற அந்த வித்தையோடுதான்.

எங்கட அறையில் நடந்ததிலிருந்து தொடங்குகிறோம். எங்களோடு இருக்கிற ஒரு நண்பன், பெயர் வேண்டாம், மகாபொலக் காசில் மிச்சம் பிடித்ததையும் அம்மா கட்டின சீட்டு விழுந்த காசில் ஒரு பங்கையும் சேர்த்து வைத்திருந்தான். ஒருநாள் காலை பத்தே முக்காலுக்குக் குழுவில் செய்தி. ஒரு சிறிய கம்பனி, வழமையைவிடப் பத்து மடங்கு வொலியூம். "அக்யுமுலேசன் நடக்குது, பிந்தினா பஸ் போயிடும்." அவன் 14.50 ரூபாப்படி 4,000 பங்கு வாங்கினான். பங்குக்கு 58,000 ரூபா, கட்டணங்களுக்கு 650 ரூபா. அடுத்த நாள் விலை கொஞ்சம் ஏறியது. அன்றிரவு எங்கள் எல்லாருக்கும் கொத்து வாங்கித் தந்தான். மூன்றாம் நாள் கம்பம் சுருங்கியது. பிறகு வாங்குகிற பக்கத்தில் ஆளே இல்லை. இரண்டு கிழமைக்குப் பிறகு 10.40 இற்கு விற்றான். விற்கவும் கட்டணம். மொத்தமாக 17,500 ரூபா போயிற்று. 2025 இல் மாதம் 7,500 ரூபாவாக இருந்த மகாபொலையின் இரண்டு மாதக் காசைவிட அது கூட.

குழுவில் கேட்டபோது அண்ணைமார் சொன்ன பதில்: "ஸ்ரொப் லொஸ் போட்டிருக்கோணும் தம்பி. சிக்னல் சரி, நீர்தான் பிழை." இந்தப் பதில்தான் எங்களை எழுத வைத்தது. ஏறினால் சிக்னலின் வெற்றி, இறங்கினால் வாங்கினவனின் பிழை. இப்படி ஒருக்காலும் பிழைக்க முடியாத ஒன்றை அறிவு என்று சொல்லேலாது. கலைப்பீடத்தில் மெய்யியல் முதலாம் வருடம் படித்தவருக்கே அது தெரியும்.

சரி, வொலியூம் உண்மையில் என்ன சொல்லுது? 2 இலட்சம் பங்கு கைமாறியது என்றால் 2 இலட்சம் பங்கை யாரோ வாங்கினார்கள். அதே 2 இலட்சம் பங்கை யாரோ விற்றார்கள். ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. "எல்லாரும் வாங்கிறாங்கள்" என்று ஒரு நிலைமை பங்குச் சந்தையில் இருக்கவே முடியாது. வாங்குகிற ஒவ்வொருவருக்கும் எதிரில் ஒரு விற்கிறவர் நிற்கிறார். எங்கட நண்பன் 4,000 பங்கு வாங்கிய அந்த நிமிடத்தில் யாரோ ஒருவருக்கு அந்த 4,000 பங்கைக் கைகழுவ வேண்டியிருந்தது. அந்த உயர்ந்த கம்பத்தை "பெரிய கை உள்ளே வருது" என்று வாசிக்கலாம். அதே கம்பத்தை "பெரிய கை வெளியே போகுது" என்றும் வாசிக்கலாம். கம்பத்தில் யாருடைய பெயரும் எழுதியிருக்காது.

இதற்குக் குழுவில் ஒரு மறுமொழி இருக்கு. "அதுக்குத்தான் ஓ.பி.வி. பார்க்கிறது" என்பார்கள். ஓ.பி.வி. என்பது அமெரிக்கரான ஜோசப் கிரான்வில் 1963 இல் ஒரு புத்தகத்தின் மூலம் பரப்பிய கணக்கு. விலை முதல் நாளைவிட ஏறி முடிந்தால் அன்றைய முழு வொலியூமையும் கூட்ட வேண்டும். இறங்கி முடிந்தால் முழுவதையும் கழிக்க வேண்டும். அவ்வளவுதான் அதன் மந்திரம். விலை பத்துச் சதம் கூடி முடிந்தாலும் அன்று கைமாறிய எல்லாமே "வாங்கல்" ஆகிவிடும். பத்துச் சதம் குறைந்தால் எல்லாமே "விற்றல்". நாள் முழுக்க விற்றுத் தள்ளிவிட்டுக் கடைசி நேரத்தில் ஒருவர் கொஞ்சப் பங்கை மேல் விலைக்கு வாங்கினாலே கணக்குத் தலைகீழாக மாற இடமிருக்கு.

கிரான்வில்லுக்கு என்ன நடந்தது என்பதையும் சொல்லவேணும். 1981 ஜனவரியில் அவர் தன் வாடிக்கையாளர்களுக்கு எல்லாவற்றையும் விற்கச் சொன்னார். அடுத்த நாள் நியூயோர்க் சந்தை அதுவரை காணாத வொலியூமோடு விழுந்தது. உலகமே அவரைப் பார்த்தது. அடுத்த வருடம், 1982 ஓகஸ்ட்டில், அமெரிக்கச் சந்தை நீண்ட ஏற்றம் ஒன்றைத் தொடங்கியபோது அவர் இன்னும் வீழ்ச்சியைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அவரை நம்பி வெளியில் நின்றவர்கள் அந்த ஏற்றத்தைத் தவறவிட்டார்கள். கணக்கைப் பரப்பினவருக்கே அது இப்படி வேலை செய்திருந்தால், யூரியூப்பில் அதை 12 நிமிடத்தில் படித்த அண்ணைக்கு எப்படி வேலை செய்யும்?

இனிக் கொழும்புக்கு வருவோம். நியூயோர்க் சந்தையில் ஒரு பெரிய கம்பனியின் வொலியூமை ஒரு தனி ஆள் கூட்டிக் காட்டுவது கஷ்டம். கொழும்பில் பட்டியலிடப்பட்ட கம்பனிகள் முந்நூறுக்குக் கிட்ட. அதில் நிறையக் கம்பனிகளின் பங்குகளில் பெரும்பகுதி ஒரு குடும்பத்திடமோ தாய்க் கம்பனியிடமோ அசையாமல் கிடக்கும். வெளியில் சுற்றுகிற பங்கு கொஞ்சம்தான். இப்படியான சந்தையில் வொலியூமைச் செய்து காட்டலாம். எவ்வளவு செலவாகும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம்.

ஒரு பங்கு 5 ரூபா. நாளுக்கு வழமையாக 20,000 பங்கு கைமாறும். அதாவது ஒரு இலட்சம் ரூபா. வொலியூம் பத்து மடங்காகத் தெரிய இன்னும் 1,80,000 பங்கு கைமாறவேணும்: 9 இலட்சம் ரூபா. ஆனால் அதற்கு 9 இலட்சம் தேவையில்லை. ஒரே 20,000 பங்கை இரண்டு கணக்குகளுக்கு இடையில் ஒன்பது தரம் அங்கையும் இங்கையும் மாற்றினால் போதும். கொழும்புச் சந்தையில் சாதாரணக் கொடுக்கல் வாங்கலுக்குத் தரகர், சந்தை, வைப்பகம், ஆணைக்குழு, அரச வரி எல்லாம் சேர்த்து ஒரு பக்கத்துக்கு 1.12 வீதம், இரண்டு பக்கமும் 2.24 வீதம். 9 இலட்சத்துக்கு 20,160 ரூபா. எங்கட நண்பன் தனியாக இழந்த காசைவிடக் கொஞ்சம்தான் கூட. இவ்வளவு செலவழித்தால் இருநூறு பெடியளின் போனில் "பத்து மடங்கு வொலியூம்" என்று விழும். அவர்கள் வாங்க வருவார்கள். ஏற்கனவே மலிவாக வாங்கி வைத்திருந்த இலட்சக்கணக்கான பங்கை அவர்களின் தலையில் கட்டலாம்.

இது சட்டப்படி குற்றம். 1987 ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2021 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கப் பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழுச் சட்டம் பொய்யான வர்த்தகத் தோற்றம் உருவாக்குவதைத் தடை செய்கிறது. தடை செய்கிறது என்பதாலேயே நடக்கிறதில்லை என்று ஆகாது. எங்கட நண்பன் வாங்கிய கம்பனியில் இப்படித்தான் நடந்தது என்று நாங்கள் சொல்லவில்லை. எங்களிடம் ஆதாரம் இல்லை. ஆனால் இப்படி நடந்திருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தக் கம்பம் ஒரே மாதிரித்தான் தெரிந்திருக்கும். சிக்னல் என்று நம்பச் சொல்லுகிற ஒன்றுக்கு இதைவிடப் பெரிய குற்றச்சாட்டு என்ன இருக்கு?

குற்றம் ஒன்றும் இல்லாமலும் கம்பம் உயரும். இரண்டு பெரிய பங்குதாரர்கள் முன்பே பேசி முடித்த விலைக்குத் தரகர் ஊடாக ஒரு பெரிய தொகையைக் கைமாற்றுவார்கள், கிரொஸிங் என்பார்கள். அதுவும் அன்றைய புரள்வில் சேரும். அப்பாவின் பங்கு மகனின் கம்பனிக்குப் போயிருக்கலாம். அதில் எதிர்கால விலை பற்றி ஒரு செய்தியும் இல்லை. ஒரு கம்பனி தன் ஒரு பங்கைப் பத்தாகப் பிரித்தால் அடுத்த நாளிலிருந்து கைமாறுகிற எண்ணிக்கையும் பெருகும். சார்ட் அதற்கேற்பத் திருத்தப்படாவிட்டால் "வெடிப்பு" மாதிரித் தெரியும். குழுவில் சிக்னல் போடுகிற எத்தனை பேர் இதைப் பார்த்துவிட்டுப் போடுகிறார்கள்?

இந்த நாட்டிலேயே இது புதுசில்லை. யுத்தம் முடிந்த பிறகு கொழும்புச் சந்தை பறந்தது. 2008 இறுதியில் 1,500 அளவில் நின்ற அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் 2011 பெப்ரவரியில் 7,800 ஐத் தாண்டியது. கொஞ்சப் பங்கு சுற்றுகிற சிறிய கம்பனிகளின் விலைகள் காரணமின்றி ஏறின. விசாரணைகள் தொடங்கின. அந்த விசாரணைகளுக்கு எதிரான அழுத்தங்கள் பற்றிய பேச்சுக்கு நடுவே ஆணைக்குழுவின் இரண்டு தலைவர்கள் ஒருவர் பின் ஒருவராகப் பதவி விலகினார்கள்: இந்திராணி சுகததாச 2011 இன் இறுதியில், திலக் கருணாரத்ன 2012 ஓகஸ்ட்டில். காவல் காக்க வேண்டியவர்களே கதிரையை விட்டுப் போன சந்தையில், ஒரு மாணவன் சார்ட்டைப் பார்த்து "பெரிய கையை" கண்டுபிடித்து அதன் முதுகில் ஏறிப் போகலாமாம்.

அடுத்த அலை 2021. கொரோனாக் காலம், வட்டி குறைவு, வீட்டிலிருந்தே போனில் கணக்குத் திறக்கலாம் என்ற வசதி. அந்த ஒரு வருடத்தில் சுட்டெண் 80 வீதத்துக்கு மேல் ஏறியது. ஆண்டுப் புரள்வு முதல் தடவையாக ஒரு ட்ரில்லியன் ரூபாவைத் தாண்டியது. வொலியூம் என்பது உறுதிப்படுத்தல் என்றால், இந்தச் சந்தையின் சரித்திரத்திலேயே அதைவிட உறுதியான உறுதிப்படுத்தல் அதுவரை இருந்ததில்லை. 2022 ஜனவரியில் சுட்டெண் 13,400 ஐத் தாண்டி உச்சத்துக்குப் போனது. ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்டமுடியாது என்று அறிவித்தது. சந்தையை நாட்கணக்கில் மூடினார்கள். 25 ஆந் திகதி திறந்த அன்றே விழுந்த வீழ்ச்சியில் அன்றைய வர்த்தகத்தை நிறுத்தவேண்டி வந்தது. வருட முடிவில் சுட்டெண் 8,500 இற்குக் கீழே. டொலர் இல்லை, எரிபொருள் வரிசை நீளப்போகுது என்பதை எந்தக் கம்பமும் பெடியளுக்குச் சொல்லவில்லை. மத்திய வங்கியின் வெளிநாட்டு ஒதுக்கு எவ்வளவு கரைகிறது என்று மாதாமாதம் வந்த எண்கள் சொல்லிக்கொண்டுதான் இருந்தன. அதைப் பார்க்க ஒருவரும் குழு தொடங்கவில்லை.

இப்ப மறுபடியும் ஏற்றம். 2025 இல் சுட்டெண் 20,000 ஐயும் தாண்டியது. அதனால்தான் குழுக்களும் முளைக்கின்றன. ஏறுகிற சந்தையில் எந்தச் சிக்னலும் சரியாகத்தான் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு பட்டியலில் விரல் வைத்தவனும் அந்த வருடம் கெட்டிக்காரன்.

எங்களோடு வாதாட வருகிறவர்களின் நல்ல ஆயுதத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். வொலியூமில் ஒன்றுமே இல்லை என்று ஆய்வுகள் சொல்லவில்லை. ஜேர்வே, கனியேல், மிங்கெல்கிரின் என்ற மூவர் 2001 இல் வெளியிட்ட ஆய்வொன்று, நியூயோர்க் சந்தையில் ஒரு நாளோ ஒரு கிழமையோ வழமைக்கு மாறாகக் கூடிய வொலியூம் கண்ட பங்குகள் அடுத்த ஒரு மாதத்தில் சராசரியாக மற்றவற்றைவிட நன்றாகச் செய்தன என்று காட்டியது. இதை நாங்கள் ஏற்கிறோம். ஆனால் அந்தச் சொல்லைக் கவனியுங்கோ: சராசரியாக. பல பங்குகளை ஒன்றாக எடுத்து, பல வருடம் பார்த்து வந்த சராசரி அது. ஒரு பங்கில், ஒரு காலையில், சீட்டுக் காசை முழுக்கப் போடுகிறவனுக்குச் சராசரி கிடைக்காது. அவனுக்கு அந்த ஒரு பங்கு என்ன செய்யுமோ அதுதான் கிடைக்கும். அதோடு நியூயோர்க்கில் கண்டதை, போய் வரவே 2.24 வீதம் கட்டவேண்டிய கொழும்பின் சிறிய கம்பனிக்கு அப்படியே தூக்கிக்கொண்டு வரேலாது.

இன்னொரு பக்கத்து ஆய்வுகளை அண்ணைமார் சொல்லுறதே இல்லை. பாபர், ஓடீன் என்ற இருவர் 2008 இல் காட்டியது: சாதாரண மக்கள் தங்கள் கண்ணில் பட்ட பங்குகளைத்தான் வாங்குகிறார்கள், திடீரென வொலியூம் கூடிய பங்குகள் அதில் முக்கியமானவை. அதாவது கம்பத்தைப் பார்த்து ஓடிவருகிற கூட்டம் என்பது ஏற்கனவே அளந்து வைக்கப்பட்ட கூட்டம். அதே இருவர் 2000 இல் வெளியிட்ட ஆய்வில் 66,000 இற்கு மேற்பட்ட அமெரிக்கக் குடும்பங்களின் கணக்குகளைப் பார்த்தார்கள். 1991 முதல் 1996 வரை சந்தை வருடத்துக்கு 17.9 வீதம் கொடுத்தது. அடிக்கடி வாங்கி விற்றவர்களுக்குக் கிடைத்தது 11.4 வீதம். அடிக்கடி அசைந்ததற்கான விலை அது.

இனி, எங்களுக்கு உண்மையில் வலிக்கிற இடம். "கலைப்பீடத்தில படிச்சு என்ன வேலை எடுக்கப் போறியள்? இதையாவது பழகுங்கோ" என்றுதான் இந்தக் குழுக்களுக்கு ஆள் சேர்க்கிறார்கள். அந்தக் கேள்வியில் உண்மை இருக்கு. பட்டம் முடித்துவிட்டு அரச நியமனத்துக்கு வருடக்கணக்காகக் காத்திருக்கிற அக்காமார், அண்ணைமாரை நாங்களும் பார்க்கிறோம். அந்தப் பயத்தைத்தான் இவர்கள் வியாபாரம் ஆக்குகிறார்கள். கம்பனிகளின் ஆண்டறிக்கைகளும் காலாண்டு அறிக்கைகளும் பெரும்பாலும் ஆங்கிலத்தில். தமிழ் மொழிமூலம் படித்துவந்த ஒரு மாணவிக்கு 200 பக்க ஆங்கில அறிக்கை மலை மாதிரி. சார்ட்டுக்கு மொழி தேவையில்லை. பச்சை, சிவப்பு, உயரம். அந்த இடைவெளியில்தான் வொலியூம் வித்தை நுழைகிறது. வாசிக்கத் தெரிந்தவன் விற்கிறான், வாசிக்க வழியில்லாதவன் கம்பத்தைப் பார்த்து வாங்குகிறான் என்றால் அதை நிதி அறிவு என்று பெயர் வைத்துக் கொண்டாட எங்களால் ஏலாது.

ஆகவே குழு நடத்துகிற அண்ணைமாரிடம் நாங்கள் கேட்பது மூன்றே விசயம். ஒரு பங்கைப் பற்றிச் செய்தி போடும்போது, அந்தப் பங்கு உங்களிடம் எத்தனை இருக்கு, என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்று சேர்த்துப் போடுங்கோ. விற்கும்போதும் அதேபோலச் சொல்லுங்கோ. போன ஒரு வருடம் போட்ட எல்லாச் சிக்னலையும், ஏறினதையும் இறங்கினதையும், கட்டணம் கழித்து ஒரே பட்டியலில் வெளியிடுங்கோ. ஏறினதின் ஸ்கிரீன்சொட் மட்டும் வேண்டாம். இந்த மூன்றையும் செய்ய மறுக்கிற குழுவில் இருந்து நண்பர்கள் வெளியேறவேணும் என்பது எங்கட நிலைப்பாடு.

நண்பர்களிடம் சொல்வது: வொலியூமைப் பாருங்கோ, ஆனால் வேறு காரணத்துக்கு. அது வாங்கச் சொல்லுகிற மணி இல்லை. வாசல் எவ்வளவு அகலம் என்று காட்டுகிற அளவுகோல். பரபரப்பு இல்லாத சாதாரண நாளில் ஒரு பங்கு எத்தனை கைமாறுகிறது என்று மூன்று மாதம் பின்னால் போய்ப் பாருங்கோ. நாளுக்கு 3,000 பங்கு கைமாறுகிற கம்பனியில் 4,000 பங்கு வாங்கினால், அவசரத்துக்குக் காசு தேவைப்படுகிற அன்று யாருக்கு விற்பீர்கள்? எங்கட நண்பன் கேட்டிருக்கவேண்டிய கேள்வி அதுதான். பிறகு காலாண்டு அறிக்கையைத் திறவுங்கோ. அதில் முதல் இருபது பங்குதாரர்களின் பட்டியலும், பொதுமக்களிடம் எத்தனை வீதம் இருக்கு என்ற எண்ணும் இருக்கும். அதை வாசிக்கப் பெரிய ஆங்கிலம் தேவையில்லை. விளங்காததை நாலு பேர் சேர்ந்து இருந்து வாசிக்கலாம். வருகிற தவணையில் கிழமைக்கு ஒரு கம்பனியின் அறிக்கையைத் தமிழில் வாசித்துக் குறிப்பெடுக்கிற ஒரு வட்டத்தை நாங்கள் தொடங்குகிறோம். சிக்னல் தரமாட்டோம். தேத்தண்ணி தருவோம்.

நண்பனின் கம்பனியின் அடுத்த காலாண்டு அறிக்கை வந்தபோது நாங்களும் அவனும் சேர்ந்து அந்த இருபது பேர் பட்டியலைப் பார்த்தோம். முந்தின பட்டியலில் இருந்த ஒருவரின் பங்கு எண்ணிக்கை நன்றாகக் குறைந்திருந்தது. அவர் எந்த நாளில் விற்றார் என்று அதில் இல்லை. நண்பன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இதை முதலே பார்த்திருக்கலாமடா" என்றான். அவன் இன்னும் அம்மாவுக்குச் சொல்லவில்லை. சீட்டுக் காசைத் திருப்பி வைக்க இப்ப சனி, ஞாயிறுகளில் ஓ/எல் பிள்ளைகளுக்குத் தமிழும் வரலாறும் படிப்பிக்கப் போகிறான்.